சுமை குறைந்ததும் ஆடும் ட்ரெய்லர்: கொக்கியை மாற்ற வேண்டுமா?

கேள்வி – சாட்ஸ்வொர்த் அன்பர்

அனைவருக்கும் வணக்கம். கோவில் அன்னதானத்துக்காக டர்பனிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் அருகேயுள்ள லெனேசியாவுக்கு அரிசி, பருப்பு மூட்டைகள், அண்டாக்கள், ஜெனரேட்டர் ஆகியவற்றைப் பக்கி (பிக்கப்) வண்டியின் பின்னால் ஒற்றை அச்சு ட்ரெய்லரில் கொண்டு செல்கிறோம். போகும்போது மொத்தம் 900 கிலோ இருந்தும் ஆட்டமில்லை. மூட்டைகள் தீர்ந்து 700 கிலோவுடன் திரும்பும்போதோ, ஹில்டனைத் தாண்டி பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இறங்கும் டவுன் ஹில் என்ற மலைச்சாலை இறக்கத்தில் ட்ரெய்லரின் பின்பகுதி இருபுறமும் வீசுகிறது. ஆட்டம் தடுக்கும் ஸ்டெபிலைசர் வாங்கினால் போதுமா, கொக்கியின் உயரத்தை மாற்ற வேண்டுமா?

பதில் – பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறைக்காரர்

ஐயா, எவ்வளவு எடை குறைந்தது என்பதை விட எந்த இடத்திலிருந்து குறைந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூட்டைகளை அச்சுக்கு முன்னாலும் ஜெனரேட்டரைப் பின்கதவோரமாகவும் வைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பந்திலிருந்து (பக்கியின் பின்னால் ட்ரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டு) அச்சு வரை 3 மீட்டர் என்று கொண்டால், அச்சுக்கு 0.9 மீட்டர் முன்னால் இருந்த 200 கிலோ மூட்டைகள் பந்தின் மேல் 60 கிலோவை அழுத்திக்கொண்டிருந்தன, 1.5 மீட்டர் பின்னால் உள்ள 80 கிலோ ஜெனரேட்டரோ 40 கிலோவைத் தூக்கிவிடுகிறது. போகும்போது மூக்கு எடை, அதாவது பந்தின் மேல் அழுத்தும் எடை, 90 கிலோவாக இருந்தால், மூட்டைகள் இறங்கியதும் மிஞ்சுவது 30 கிலோதான். ட்ரெய்லர் ஆடாமல் இருக்க மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 70 கிலோ, பந்தின் மேல் இருக்க வேண்டும். ஜெனரேட்டரை அச்சுக்கு நேர் மேலே நகர்த்திக் கட்டினாலே அந்த 40 கிலோ திரும்பக் கிடைத்துவிடும்.

கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். சமதளத்தில் கப்ளருக்கு (பந்தைக் கவ்வும் ட்ரெய்லரின் முன்முனை) அடியில், பந்தின் உயரத்துக்கே வருமாறு ஒரு மரக்கட்டையைக் குளியலறைத் தராசின் மேல் நிறுத்தி எடை பாருங்கள். டோ பார் (பந்தைத் தாங்கும் பக்கியின் பின்சட்டம்) தகட்டில் உள்ள உச்ச வரம்பை ஒருபோதும் மீறக் கூடாது. பாரம் இறங்கியதும் பக்கியின் பின்பக்கம் எழும்பி, ட்ரெய்லரின் மூக்கும் மேல்நோக்கிவிடும் என்பதால், கொக்கியின் உயரத்தை இரண்டு நிலைகளிலும் அளந்த பிறகே மாற்றுங்கள்.

பதில் – ஃபீனிக்ஸ் அன்பர்

பட்டறை அண்ணன் சொன்னதை முடித்த பிறகு ஸ்டெபிலைசர் வாங்கலாம். பந்தை இறுகப் பிடித்து உராய்வால் ஆட்டத்தை அடக்கும் வகை என்றால், பந்தில் கிரீஸ் துளியும் இருக்கக் கூடாது. நம்மவர்களோ பந்தைக் கண்டால் கிரீஸ் பூசாமல் விடமாட்டார்கள். மூக்கு எடையை மற்ற அச்சுகளுக்கும் பகிரும் ஸ்பிரிங் கம்பிகளும் பூட்டியிருந்து, அவை 900 கிலோவுக்கு முறுக்கப்பட்டிருந்தால் 700 கிலோவுக்கு மீண்டும் சரிசெய்ய வேண்டும். உங்களுடையது ஓவர்ரன் பிரேக் (வண்டி வேகம் குறையும்போது ட்ரெய்லர் முன்னால் தள்ளுவதால் தானே பிடிக்கும் பிரேக்) உள்ள ட்ரெய்லர் என்றால், அந்தக் கம்பிகள் கப்ளரின் நகர்வைத் தடுக்காதா என்பதைத் தயாரிப்பாளரிடம் கேட்காமல் பூட்டாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி அண்ணா. ஜெனரேட்டர் கதவோரம்தான் இருந்தது. இறக்கத்தில் மீண்டும் ஆடினால் பிரேக்கை மிதிக்கலாமா?

பதில் – பீட்டர்மாரிட்ஸ்பர்க் பட்டறைக்காரர்

பலமாக மிதிக்க வேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஆட்டத்துக்கு எதிராகத் திருப்ப முயலாமல் ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள். வேகம் தணியத் தணிய ஆட்டமும் அடங்கும். ஹில்டனிலேயே கியரைக் குறைத்து இறங்குங்கள்.