கொரோனா கட்டுப்பாடு தளர்ந்து "திறந்தாச்சு"னு செய்தி வந்த பிறகு என்னென்ன பார்க்கணும்: சேலம், ஏற்காடு பக்கத்து அனுபவங்கள்

அஸ்தம்பட்டி – வெளிநாட்டு டிக்கெட் வேலை

கொரோனா காலத்துல வெளிநாடு போனவங்களுக்கு வந்த சிக்கல்ல முதல் இடம் பேருக்குத்தான். நம்ம ஊர்ல ஆதார்ல இனிஷியல் ஒத்த எழுத்தா இருக்கும். பாஸ்போர்ட்டுல அதே எழுத்து அப்பா பேரா விரிஞ்சு நிக்கும். ஆதாரைக் காட்டி ஊசி போட்டவங்களுக்குக் கோவின் (அரசோட தடுப்பூசித் தளம்) சான்றிதழ் ஆதார் பேர்லயே வந்துச்சு. விமான நிலைய கவுன்டர்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்பாங்க. அங்க போய் "ரெண்டும் ஒரே ஆளுதாங்க"ன்னு சொல்லி ஒண்ணும் ஆகாது.

திருத்துற வழி இருந்துச்சு. கோவின்ல மொபைல் எண், ஓடிபி போட்டு உள்ள போய், 'ரைஸ் ஆன் இஷ்யூ'வை அழுத்தி, பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கணும், பேரை பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே மாத்தணும். பேர் திருத்த ஒரே வாய்ப்புதான். அவசரத்துல ஒரு எழுத்து விட்டுட்டா மறுபடி திறக்காது. அதனால பாஸ்போர்ட்டின் அடியில இருக்கிற ரெண்டு வரியில மேல் வரியில, அம்புக்குறி மாதிரி இருக்கிற கோடுகளுக்கு நடுவுல பேர் எப்படி இருக்கோ, அதைப் பார்த்து அடிக்கிறதுதான் சரி. 2021 செப்டம்பர் வரைக்கும் சான்றிதழ்ல முழுப் பிறந்த தேதி கிடையாது. பழைய தாளோட போறவங்க புதுசா இறக்கிக்க வேண்டியிருந்தது.

அடுத்தது 72 மணி நேரக் கணக்கு. இந்தியாவுக்குத் திரும்பி வர ஆர்டிபிசிஆர் முடிவு வேணும்னப்போ, மூக்குல குச்சி விட்டு மாதிரி எடுத்த நேரத்துலருந்துதான் கணக்கு. பலபேர் ரிப்போர்ட் வந்த நேரத்துலருந்து எண்ணிட்டாங்க. ரிப்போர்ட்டுல ரெண்டு நேரமும் இருக்கும், மாதிரி எடுத்த நேரத்தைத்தான் பார்க்கணும். துபாய்க்கு இன்னும் கெடுபிடி: 48 மணி நேர ரிப்போர்ட், அதுக்கு மேல விமான நிலையத்துலயே ரேபிட் பிசிஆர். 2022 பிப்ரவரியில அந்த ரேபிட் பிசிஆர் போச்சு.

சிங்கப்பூர் விஷயத்துல நம்மாளுங்க ஏமாந்தது வேற இடத்துல. 2021 நவம்பர் 29ல தடுப்பூசி போட்டவங்களுக்குத் தனிமைப்படுத்தல் இல்லாத 'விடிஎல்' விமானம் ஆரம்பிச்சாங்க. இந்தியாவுல சென்னை, டெல்லி, மும்பை மூணு ஊர்லருந்து மட்டும், அதுலயும் குறிச்ச விமானம் மட்டும். சேலத்துக்குத் திருச்சி கிட்டன்னு அங்க டிக்கெட் போட்டவங்களுக்கு, ரெண்டு ஊசி போட்டிருந்தும் சலுகை கிடைக்கல. "சிங்கப்பூர் திறந்தாச்சு"ங்கிற தலைப்பை மட்டும் படிச்சா இப்படித்தான் ஆகும். 2022 ஏப்ரல் 1லருந்து, குறிச்ச விமானம் மட்டும்ங்கிற இந்த ஏற்பாடே போச்சு. ஏப்ரல் 26லருந்து தடுப்பூசி போட்டவங்களுக்குப் புறப்படும் முன் பரிசோதனையும் வேண்டாம்னாங்க.

போற நாட்டு விதி, விமான கம்பெனி விதி, இறங்கி மாறுற நாட்டு விதி, திரும்பி வர்ற இந்திய விதின்னு நாலையும் அரசுத் தளத்துலயே, தேதியோட பார்க்கணும். வாட்ஸ்அப்ல வர்றது நேத்து வரைக்கும் சரியா இருந்திருக்கும்.

ஏற்காடு – தங்கும் விடுதி

அஸ்தம்பட்டி அண்ணன் சொன்னது வெளிநாட்டுக்கு. மலைக்கும் அதே பாடம்தாங்க.

2020 செப்டம்பர் 1ல தமிழ்நாட்டுக்குள்ள மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம்னு சொன்னாங்க. டிவியில அதோட முடிச்சுட்டாங்க. அந்த அறிவிப்புலயே நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைவாசஸ்தலத்துக்கு மட்டும் கலெக்டர்கிட்ட இ-பாஸ் வாங்கணும்னு இருந்துச்சு. அதைப் படிக்காம கிளம்பினவங்க அடிவாரம் செக்போஸ்ட்ல, இருபது கொண்டை ஊசி வளைவுல ஒண்ணுகூட ஏறாம வண்டியைத் திருப்ப வேண்டியதாச்சு. குப்பனூர் வழியா வந்தா கேட்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கையும் இருந்துச்சு. உத்தரவு மலைக்குத்தான், ரோட்டுக்கு இல்லீங்க.

அப்போ பாஸ் இருந்தும் நிறுத்தின காரணம் பெரும்பாலும் வண்டி எண். விண்ணப்பத்துல ஒரு டாக்சி எண், வந்தது வேற டாக்சி. வாடகை வண்டின்னா எண் உறுதியான பிறகு விண்ணப்பிக்க வேண்டியிருந்துச்சு. ஆளுங்க எண்ணிக்கை, திரும்புற தேதி இந்த ரெண்டும் ரூம் புக்கிங்கோட ஒத்துப்போக வேண்டியிருந்துச்சு.

இன்னொண்ணு, ரோடு திறந்தா ஊர் திறந்ததா அர்த்தமில்ல. படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தோடது, அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறை, ஆர்க்கிட் தோட்டம் மத்திய அரசின் தாவரவியல் ஆய்வு நிறுவனம். ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு உத்தரவு. ரூம் போடுறவங்க இந்த மூணையும் தனித்தனியா கேட்டுக்கணும். நாங்களும் கேட்டுச் சொல்லணும், அது எங்க கடமை.

2021 ஏப்ரல் 20ல ரெண்டாவது அலைக்காகச் சுற்றுலாப் பயணிகளை நிறுத்தினப்போவும் இதே மூணு மலையைத்தான் முதல்ல சொன்னாங்க. மலைக்கு விதி முதல்ல வரும், கடைசியாப் போகும். மலையில ஆஸ்பத்திரிப் படுக்கை குறைவு, மோசமானா ராத்திரியில வளைவு இறங்கித்தான் சேலம் போகணும். அந்தக் கெடுபிடி எங்க வருமானத்தை அடிச்சாலும் நியாயமானதுதான்.

இப்போ கேட்கிறவங்களுக்கு: 2024 மே 7லருந்து வந்த இ-பாஸ் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும். ஹைகோர்ட் உத்தரவுப்படி, வண்டி நெரிசலுக்காக. ஏற்காடு அதுல இல்ல.

சூரமங்கலம் – இலங்கைக்குக் குழு அனுப்புபவர்

ஒரு நாடு மீண்டு வந்துவிட்டதா என்று கண்டுபிடிக்க, அங்கே வந்திறங்கிய பயணிகளின் மாதக் கணக்கைப் பார்ப்பேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை அதை மாதாமாதம் வெளியிடுகிறது. ஆனால் எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 2019ஐ வைத்துப் பார்த்தால் நிலைமை உள்ளதைவிட நல்லதாகத் தெரியும், ஏனென்றால் அந்த ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து அந்த ஆண்டே அடிவாங்கியிருந்தது. 2018தான் சரியான அளவுகோல்: 23.3 லட்சம் பேர். 2019ல் 19.1 லட்சம்.

2020ல் 5.08 லட்சம் என்று இருக்கும். அதைப் பார்த்து 2021ஐவிட 2020 பரவாயில்லை என்று நினைக்கக் கூடாது. மார்ச்சில் எல்லை மூடுவதற்கு முன் வந்தவர்கள்தான் அதில் ஏறக்குறைய எல்லாரும். 2021ல் 1.94 லட்சம். 2022ல் 7.20 லட்சம், நோய் விதிகள் தளர்ந்த அதே ஆண்டில் பெட்ரோல் கிடைக்காமல் நாடு தவித்தது. உள்ளே விட்டார்கள், ஆனால் கொழும்பிலிருந்து கண்டிக்கு வண்டி ஓட எரிபொருள் இருக்கிறதா என்று கேட்டுத்தான் குழு அனுப்ப முடிந்தது. 2023ல் 14.87 லட்சம், 2024ல் 20.53 லட்சம். நுழைவு விதி போன பிறகும் 2024 வரை 2018ஐ எட்டவில்லை.

ஆண்டுக் கணக்கைவிட, அதே மாதத்தை 2018ன் அதே மாதத்தோடு வைத்துப் பாருங்கள். டிசம்பரையும் மே மாதத்தையும் ஒப்பிட்டால் பருவம்தான் தெரியும், மீட்சி தெரியாது.

அஸ்தம்பட்டி – மறுபடியும்

சூரமங்கலத்தார் கணக்கு பிரமாதம். ஒண்ணு மட்டும் சேர்க்கிறேன். இந்தியாவுக்கு வர்றவங்க ஆன்லைன்ல நிரப்ப வேண்டியிருந்த ஏர் சுவிதா படிவம் 2022 நவம்பர் 22ல போச்சு. 2023 ஜனவரி 1ல சீனா, ஹாங்காங், ஜப்பான், தென்கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்துலருந்து வர்றவங்களுக்கு மட்டும் பரிசோதனையோட திரும்ப வந்துச்சு. பிப்ரவரியில மறுபடி எடுத்தாங்க. போன விதி திரும்ப வராதுன்னு நினைச்சு, சான்றிதழை அழிச்சுடாதீங்க.

ஆப்பிரிக்கா போறவங்க மஞ்சள் காய்ச்சல் ஊசியை இதோட குழப்பிக்கிறாங்க. அது வேற, இப்பவும் இருக்கு. போட்ட பத்தாவது நாள்லருந்துதான் செல்லும், அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்கச் செல்லும். அங்கீகாரம் உள்ள மையத்துல போட்டாத்தான் கணக்கு. சேலத்துலருந்து போறவங்க சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுல நாள் வாங்கிக்கிட்டு, பாஸ்போர்ட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போங்க. பயணத்துக்கு முந்தின வாரம் போனா, அந்தப் பத்து நாள் இடிக்கும்.