புதுப்பிப்பு: கிளாக்கோமா ஆபரேஷன் ஆன மகனுக்கு லேர்னர்ஸ் லைசென்ஸ்

முன்பு இங்கே கேட்டிருந்தேன்: தென்னாப்பிரிக்காவில் டர்பன் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம், மகனுக்குக் கைக்குழந்தையிலேயே கிளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வையைக் கெடுக்கும் நோய்), இரண்டு கண்ணிலும் ட்ராபெகுலெக்டமி (கண்ணுக்குள் இருக்கும் நீர் வடிய வழி செய்யும் ஆபரேஷன்) ஆனது, 17 வயதில் கார் ஓட்டணும் என்கிறான், விடலாமா என்று. பதில் போட்ட அக்கா, அண்ணன்மாருக்கு நன்றி.

கண் டாக்டர் பார்த்துவிட்டார். இந்த நாட்டு விதிப்படி ஒவ்வொரு கண்ணுக்கும் 6/12 பார்வை (மற்றவர் 12 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரிலாவது படிப்பது) வேண்டும். ஒரு கண் அதற்கும் குறைவென்றால் மற்றது 6/9 இருக்கணும். பக்கப் பார்வை ஒவ்வொரு கண்ணுக்கும் 70 பாகை, இல்லாவிட்டால் மொத்தம் 115. இவனுக்கு வலது கண் 6/9. பக்கப் பார்வையில் மயிரிழையில் தப்பினான். சட்டம் விட்டாலும், எதிரே ஹெட்லைட் வந்தால் கண் கூசித் தண்ணீர் கொட்டுகிறது. அதனால் பகலில் மட்டும்தான் ஓட்டலாம். அது அம்மா போட்ட சட்டம்.

“கண்ணால என்னப்பா கஷ்டம்?” என்று டாக்டர் அவனையே கேட்டார். கரும்பலகை தெரியவில்லை என்பான் என்று நினைத்தேன். “போட்டோ எடுக்கும்போது எல்லாரும் என் பெரிய கண்ணையே பார்க்கிறாங்க” என்றான். கைக்குழந்தையில் வரும் கிளாக்கோமா கண்ணையே பெரிதாக்கிவிடும். கோயிலில் “ஐயோ பாவம்” சொல்லும் ஆன்ட்டிகளுக்கு ஒரு பெரிய கும்பிடு.

கடலில் குளிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். இவனுக்குச் சொன்னது: நீச்சல் கண்ணாடி போட்டு நீந்தலாம், தலைகீழாகக் குதிக்கக் கூடாது. மேல் இமைக்கடியில் ஆபரேஷனில் உண்டான சின்னக் கொப்புளத்தில் எத்தனை வருஷம் கழித்தும் கிருமி தொற்றலாம். கண் சிவந்து, வலித்து, பீளை வந்தால் திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) பரீட்சைக்குப் பெரிய எழுத்துத் தாளும் கூடுதல் நேரமும் பள்ளி மூலம் கேட்டிருக்கிறோம்.