6 அடி பவளத்தொட்டி: கண்ணாடியில் ஓட்டை போட முன் குழாய்த் திட்டத்தைப் பார்த்துச் சொல்லுங்க

கல்லடி_அலை:

வணக்கம். மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டின் கீழ்த்தளத்தில் 180 × 75 × 60 செ.மீ. அளவில் பவளத்தொட்டி ஒன்று வைக்கப்போகிறேன். கண்ணாடி 12 மி.மீ. கீழே சம்ப் தொட்டி (மேலிருந்து தண்ணீர் இறங்கி, பம்பால் திரும்ப ஏறும் தொட்டி) 120 × 50 × 45 செ.மீ. கண்ணாடியில் இன்னும் ஓட்டை போடவில்லை.

இப்போதைய திட்டம்: அடிக்கண்ணாடியில் 1 அங்குல ஓட்டை இரண்டு. ஒன்றால் தண்ணீர் இறங்கும், மற்றதால் பம்ப் ஏற்றும். இறங்கு குழாயில் கேட் வால்வு. கரண்ட் போனால் தண்ணீர் திரும்பி வராமல் ஏறு குழாயில் நொன் ரிட்டர்ன் வால்வு. பம்ப் பெட்டியில் மணிக்கு 8000 லீற்றர் என்று போட்டிருக்கிறது.

கேள்விகள்: ஒரு இறங்கு குழாய் போதுமா? கல்லடிக் கடல் தண்ணீரை அப்படியே பாவிக்கலாமா? கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிராக்கும் கருவி) இல்லாமல் சமாளிக்க ஏலுமா?

வாவிக்கரை:

தம்பி, ஓட்டை போடாமல் கேட்டது நல்லது. அடிக்கண்ணாடியில் போட வேணாம். அடியில் ஓட்டையோடு குழாயைப் பூட்டும் கனெக்டர் கசிந்தால் தொட்டி முழுவதும் காலியாகும். பின்கண்ணாடியில் மேலே போட்டால், கசிந்தாலும் ஓட்டை மட்டம் வரைக்கும்தான் போகும். ஓட்டையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையில் குறைந்தது ஓட்டையின் விட்டமளவு இடம் விடுங்க. டெம்பர் பண்ணிய கண்ணாடி என்றால் துளைக்கவே ஏலாது, தொட்டதும் நொறுங்கும். 12 மி.மீ. கண்ணாடி என்றால் தொட்டியின் மேல்விளிம்பைச் சுற்றிக் கண்ணாடிப் பட்டி ஒட்டியே ஆகவேணும். பட்டி இல்லாமல் திறந்த தொட்டிதான் விருப்பம் என்றால் 15 மி.மீ. எடுங்க.

ஒரு இறங்கு குழாய் போதாது. அதில் ஒரு நத்தை போய் அடைத்தால் சம்ப்பில் உள்ளதை எல்லாம் பம்ப் மேலே ஏற்றி, தொட்டி விளிம்பால் வழியும். மூன்று குழாய் போடுங்க, மூன்றும் 1½ அங்குலம். பீன் அனிமல் முறை என்று இதைத்தான் சொல்வார்கள். முதலாவது குழாயில் காற்றே இல்லாமல் முழுத் தண்ணீராக இறங்கும். வால்வு இதில் மட்டும்தான். இரண்டாவது திறந்த குழாய், அதில் நூல்போல கொஞ்சம் வழிந்தால் போதும். அதன் மேல்வாயில் இருக்கும் முழங்கையின் (வளைவு இணைப்பின்) மூடியில் ஒரு சின்னக் காற்றுக்குழாயைப் பொருத்தி, வாயைத் தண்ணீருக்குச் சற்று மேலே வையுங்க. முதலாவது அடைபட்டால் மட்டம் உயர்ந்து அந்த வாய் மூடப்படும். அதோடு இரண்டாவதும் முழுக்குழாயாக இழுக்கும். மூன்றாவது இரண்டையும் விட உயரத்தில், எப்போதும் உலர்ந்தபடி இருக்கவேணும். அதற்கு வால்வு போடக்கூடாது. அதன் கீழ்வாயை சம்ப் தண்ணீருக்கு மேலேயே விடுங்க, தண்ணீர் விழுகிற சத்தம்தான் உங்களுக்கு எச்சரிக்கை.

முதலாவது குழாயின் கீழ்வாய் சம்ப் தண்ணீருக்குள் 2 அல்லது 3 செ.மீ. மட்டும் இறங்கட்டும். ஆழமாக விட்டால் கரண்ட் வந்ததும் குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேற மாட்டாது, சைபன், அதாவது முழுத் தண்ணீராக இழுப்பது, தொடங்காது. புதிதாகக் கட்டுகிற பலர் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

அடுத்தது நொன் ரிட்டர்ன் வால்வு. அதை நம்பிக் கணக்குப் போட வேணாம். ஒரு சின்ன நத்தையோ சுண்ணாம்புப் படிவோ இடுக்கில் நின்றால் அது மூடாது. கரண்ட் போனால் எவ்வளவு வரும் என்று பாருங்க: உங்கள் தொட்டியில் 1 செ.மீ. உயரம் என்றால் 13.5 லீற்றர். ஏறு குழாயின் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால் ஏறக்குறைய 67 லீற்றர் திரும்பும். குழாயிலும் வழிவுப் பெட்டியிலும் (தொட்டியின் மேற்பரப்புத் தண்ணீர் வழிந்து விழுந்து, இறங்கு குழாய்களுக்குப் போகும் பெட்டி) உள்ளது இன்னும் 15. சம்ப்பில் 1 செ.மீ. என்றால் 6 லீற்றர், ஆகவே மட்டம் 14 செ.மீ. வரை உயரும். ஓடும்போது 25 செ.மீ. வைத்தால் 39க்கு வந்து நிற்கும், தப்பலாம். வாய் 12 செ.மீ. ஆழத்தில் இருந்தாலோ 160 லீற்றருக்கு மேல் வரும், சம்ப் பொங்கித் தரை முழுக்க உப்புத் தண்ணீர். வாயை மேலே வைத்து, காற்றுப் புகுந்து திரும்பி வருவது நிற்கும்படி ஏறு குழாயில் மேற்பரப்புக்கு 1 செ.மீ. கீழே 5 மி.மீ. துளை ஒன்றும் போடுங்க. பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்தி விடவேணும்.

வழிவுப் பெட்டியின் விளிம்பு 60 செ.மீ. நீளம் இருந்தால் மணிக்கு 4000 லீற்றரும் 1 செ.மீ. கனத்தில் வழியும். அந்த 4000 போதும், தொட்டியைப்போல 5 மடங்கு. பம்ப் வந்த பெட்டியில் போட்டிருக்கும் 8000 உயரமே இல்லாத கணக்கு. 1½ மீற்றர் ஏற்றி முழங்கைகளையும் கடந்தால் நன்றாகவே குறையும்.

அக்கரைப்பற்று_ரீஃப்:

குழாய்ச் சாமான் பற்றி மட்டும் சொல்றன். ஹார்ட்வெயாரில் கேட் வால்வு கேட்டால் பித்தளையைத்தான் எடுத்துத் தருவாங்க. அது வேணவே வேணாம். பித்தளையில் செம்பு இருக்கு. உப்புத் தண்ணீரில் கரைந்தால் பவளம், இறால், நத்தை எல்லாம் போகும், மீன் மட்டும் கொஞ்சநாள் தாங்கும். கல்லிலும் மணலிலும் செம்பு ஊறினால் பிறகு எடுக்கிறதும் கஷ்டம். பி.வி.சி. கேட் வால்வு தேடி எடுங்க. கிடைக்காவிட்டால் பி.வி.சி. உருண்டை வால்வு (ball valve) போடலாம், ஆனால் நுணுக்கமாகத் திருகுவது கடினம். ஏறு குழாய் 1 அங்குலம் சிறிது. மணிக்கு 4000 லீற்றர் ஓடினால் உராய்வில் பம்பின் பலம் வீணாகும், 1¼ அங்குலம் போடுங்க.

டேங்க் கனெக்டரையும் யூனியனையும் (கழற்றிப் பூட்டும் இணைப்பு) வெளிநாட்டிலிருந்து எடுப்பித்தால் அளவைப் பார்த்து எடுங்க. அமெரிக்க 1 அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 33.4 மி.மீ., மெட்ரிக் குழாய் 32 மி.மீ. கம் பூசினாலும் அந்த இடைவெளி நிற்காது. ஒரு துண்டுக் குழாயைக் கொண்டுபோய்க் கடையிலேயே செருகிப் பாருங்க. கனெக்டர் கைக்கு வந்த பிறகுதான் ஓட்டை அளவைத் தீர்மானிக்கவேணும். ரப்பர் வாஷர் தண்ணீர்ப் பக்கம், தலைப்போடு சேர்ந்து வரட்டும், நட்டுப் பக்கம் இல்ல. கையால் இறுக்கி இன்னும் கால் திருகு, அவ்வளவுதான். வாஷருக்கு சிலிக்கோன் பூச வேணாம், வழுக்கி வெளியே வரும்.

ஒட்டும்போது முதலில் எல்லாத்தையும் கம் இல்லாமல் பொருத்தி, பேனையால் கோடு போடுங்க. வெட்டு விளிம்பைச் சுரண்டி, துடைச்சு, இரண்டு பக்கமும் கம் பூசி, கால் சுற்றுத் திருப்பி உள்ளே தள்ளி, 30 விநாடி பிடியுங்க. 24 மணித்தியாலம் கழியாமல் தண்ணீர் விட வேணாம். பம்புக்குப் பிறகும் வால்வுக்கு இரண்டு பக்கமும் யூனியன் இருக்கட்டும். இல்லாட்டி கழுவுறதுக்குக் குழாயை வெட்டவேண்டி வரும்.

ஸ்டாண்டும் கவனம். எல்லாம் சேர்த்து 1.3 தொன் அளவில் வரும். பொக்ஸ் பார் (சதுர இரும்புக் குழாய்) என்றால் கல்வனைஸ் எடுத்து, வெல்டிங் போட்ட இடமெல்லாம் எபொக்சி பூசுங்க, கடற்காற்றோடு உப்புத் துளியும் சேர்ந்தால் துருப் பிடிக்காமல் விடாது. பிளக் பேஸ் தொட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் மட்டத்தை விட உயரத்தில். வயர் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், மின்கசிவில் தானாக அணையும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் கட்டாயம்.

பாசிக்குடாக்_கரை:

தண்ணீரும் சூடும். கல்லடித் தண்ணீரை மாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும் யோசிக்கலாம், அதுவும் உப்பளவு பார்த்து. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் எந்த மாதமும் அள்ளாதீங்க. ஐப்பசி தொட்டு தை வரை வெள்ளத்தோடு வாவித் தண்ணீர் கடலுக்கு வரும், பெரும்போக வேளாண்மைக்கு அடித்த மருந்தும் பசளையும் அதோடு சேர்ந்து வரும். கரையை விட்டுத் தோணியில் போய் எடுத்தாலும் வடிகட்டி, மூடிய பீப்பாவில் பம்ப் ஓடவிட்டு ஒரு கிழமை வைத்து, உப்பளவு பார்க்கும் ரிஃப்ரக்டோமீற்றரில் (ஆயிரத்துக்கு) 35 காட்டுகிறதா, அமோனியா பூச்சியமா என்று பார்த்துத்தான் ஊற்றவேணும். மழைக்காலத்துக்கு உப்புக் கலவையும் ஆர்.ஓ. டி.ஐ. (கரைந்ததையெல்லாம் நீக்கிச் சுத்தமாக்கிய) தண்ணீரும் தேவை. கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்றும் பொஸ்பேற்றும் இருக்கலாம், குழாய்த் தண்ணீரில் குளோரின்.

சூடு: கச்சான் காற்று உலர்ந்தது, ஆகவே தண்ணீர் மேற்பரப்பில் படும்படி இரண்டு மின்விசிறி வைத்தால் 2 முதல் 3 பாகை குறைக்கலாம். சிக்கல் கச்சானில் இல்லை, சித்திரையில். அப்போது சூடும் ஈரப்பதமும் சேர்ந்தே இருக்கும், விசிறி அவ்வளவாக வேலை செய்யாது. 29 பாகையைத் தாண்டி நாட்கணக்கில் நின்றால் பவளம் வெளிறக்கூடும், அதற்காகவே சில்லருக்கு இணைப்பு விட்டுக் குழாயைக் கட்டுங்க, பிறகு வாங்கலாம். சில்லரை சம்ப் இருக்கும் அலுமாரிக்குள் வைத்தால் அது கக்கும் சூடு திரும்பத் தண்ணீருக்கே போகும்.

விசிறி ஓடினால் நாளுக்கு 15 லீற்றர் வரை ஆவியாகும். உப்பு ஆவியாகாது, 950 லீற்றரில் 35 இருந்தது ஒரே நாளில் 35.5ஐத் தாண்டும். மிதவை ஸ்விட்ச்சோடு தானாக நல்ல தண்ணீர் நிரப்பும் ஏற்பாடு வேணும். அந்த நல்ல தண்ணீர் வாளி 25 லீற்றருக்கு மேல் வேண்டாம். ஸ்விட்ச் சிக்கினால் அவ்வளவும்தான் உள்ளே போகும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன்: கல்லுக்கும் பவளத்துக்கும் கடலுக்குப் போகாதீங்க. கற்பவளங்கள் இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மட்டக்களப்பு மாவட்டத்துக் காயான்கேணிப் பக்கம் 2019இல் கடல்சார் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. உலர்ந்த செயற்கைக் கல் போதும். வளர்ப்பில் வெட்டிப் பெருக்கிய பவளத் துண்டை, எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணத்தோடு வாங்குங்க.

கல்லடி_அலை:

நன்றி அண்ணன்மார். பின்கண்ணாடி, மூன்று குழாய், பி.வி.சி. வால்வு என்று திட்டத்தை மாற்றிவிட்டேன். வால்வை எந்த அளவுக்குத் திருகுவது? ஒவ்வொரு நாளும் தொடவேண்டி வருமா?

வாவிக்கரை:

உப்புப் போடாமல் நல்ல தண்ணீரிலேயே தொடங்குங்க தம்பி. வால்வை முழுதாகத் திறந்து பம்பைப் போடுங்க. முதல் குழாய் காற்றை உறிஞ்சிக் குடுகுடு என்று சத்தம் போடும். கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்க. ஒவ்வொரு சின்னத் திருகலுக்கும் பிறகு 10 நிமிடம் பொறுங்க. வழிவுப் பெட்டியில் மட்டம் உயர்ந்து இரண்டாவது குழாயில் நூல்போல வழியத் தொடங்கியதும் விட்டுவிடுங்க. பம்பின் வேகத்தை மாற்றாவிட்டால் மாதக்கணக்கில் தொடத் தேவையில்லை.

பிறகு மெயினை நிறுத்தி சம்ப் எவ்வளவு உயருகிறது என்று மார்க்கரால் கோடு போடுங்க. திரும்பப் போடும்போது ஒரு நிமிடத்துக்குள் சத்தம் அடங்கவேணும். அடங்காவிட்டால் கீழ்வாய் ஆழமாக இருக்கிறது, 1 செ.மீ. வெட்டுங்க. கடைசியாக முதல் குழாயின் வாயைக் கையால் அடைத்துப் பாருங்க, இரண்டாவது இழுக்கிறதா என்று. அதையும் அடையுங்க, மூன்றாவது மட்டும் முழுத் தண்ணீரையும் இறக்கவேணும். மூன்றும் சரி வந்தால் உப்பைக் கொட்டலாம்.