அலகுப்பறை: மரங்கொத்தியின் 'டிரம்மிங்'குக்கு என் பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக ஓடும் இந்த இழையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். மரங்கொத்தி அலகால் மரத்தில் வேகமாகத் தட்டி ஒலி எழுப்புவதை ஆங்கிலத்தில் 'டிரம்மிங்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த சொற்கள்: மரம் தட்டல், கொட்டொலி, முழவோசை, காதல் கொட்டு. எல்லாமே யோசித்துச் சொன்னவைதான். ஆனால் எதைக் குறிக்கப்போகிறோம் என்பதில் நமக்குள் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. அதனால் முதலில் அதைப் பேசுகிறேன்.

> கொத்தல் என்றே இருக்கட்டுமே. பறவைக்கே அந்தப் பெயர்தானே?

தென்காசி அண்ணனின் கேள்வி. அண்ணே, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. மரங்கொத்தி அலகால் செய்யும் வேலை ஒன்றல்ல. புழுவுக்காகக் கொத்தும், கூட்டுக்காகக் குடையும். 'டிரம்மிங்' என்ற இந்த மூன்றாவது வேலையில் இரையும் இல்லை, பொந்தும் இல்லை. ஒலி எழுப்புவதற்காகவே தட்டுகிறது. மற்றப் பறவைகள் பாட்டால் செய்வதை மரங்கொத்தி இதைக் கொண்டு செய்கிறது. "இது என் இடம், நான் இங்கே இருக்கிறேன்" என்று பக்கத்திலிருக்கும் போட்டிக்காரனுக்கும் துணைக்கும் சேர்த்துச் சொல்கிறது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் தமிழில் குறிப்பு எழுதும் ஒருவர் "கொத்தியது" என்று எழுதினால், தின்றதா, கூடு குடைந்ததா, எல்லை அறிவித்ததா என்று படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

வால்பாறையில் ஒரு தைமாதக் காலையில் பார்த்ததைச் சொல்கிறேன். தேயிலைக்கு நடுவே பட்டுப்போன சவுக்குமரம் ஒன்று, உச்சிக்கிளை ஒடிந்து நின்றது. அதில் பெரிய பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று வந்து ஒட்டியது. முதலில் அடிமரத்திலிருந்து கொத்திக்கொண்டே மேலே ஏறியது. இரண்டு கொத்து, ஒரு நிறுத்தம், தலையைச் சாய்த்து ஒரு பார்வை, பட்டைத் துணுக்கு கீழே விழும், மறுபடி ஒரு கொத்து. இதில் தாளமே இல்லை. ஒடிந்த கிளையின் முனைக்குப் போனதும் ஆளே மாறிவிட்டது. வாலைக் கிளையில் ஊன்றி, உடம்பை விறைத்து, ஒரே புள்ளியில் 'டர்ர்ர்' என்று ஓர் அடி வரிசை. தலை இருந்த இடத்தில் ஒரு மங்கல்தான் தெரிந்தது. ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. பிறகு அசையாமல் இருந்தது. பதிலுக்குக் காது கொடுத்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. சற்று நேரம் கழித்து அதே புள்ளியில் மறுபடி.

அந்தப் பறவையின் கொண்டை சிவப்பல்ல. கறுப்பில் வெள்ளைப் புள்ளிகள். அதாவது பெண். மரங்கொத்திகளில் ஆண் அதிகம் தட்டும், ஆனால் பெண்ணும் தட்டும். எல்லையைக் காக்கவும் தட்டும். அதனால் 'காதல் கொட்டு' எனக்கு ஒப்பவில்லை. பாதிப் பொருளை அது வெளியே விட்டுவிடுகிறது. கொட்டுதல் என்றால் தேளும் கொட்டும், மழையும் கொட்டும் என்பது வேறு.

முழவோசை காதுக்கு இனிமையான சொல். எனக்கும் மனம் அதில்தான் முதலில் போனது. ஆனால் முழங்குதல் என்றதும் இடியும் கடலும் நினைவுக்கு வருகின்றன, ஆழ்ந்து நீளும் ஒலி. மரங்கொத்தியுடையது வறண்ட, வெட்டுவெட்டான ஒலி. தவிரவும் முழவோசை ஒலியை மட்டும் சொல்கிறது. பறவை செய்யும் செயலுக்கு அதிலிருந்து வினை கிடைப்பதில்லை.

என் பரிந்துரை: அலகுப்பறை. வினையாக, பறையறைதல்.

பறை ஒரு கருவி, பறைதல் சொல்லுதல். பறைசாற்றினான் என்றால் ஊருக்கு அறிவித்தான். அறைதல் என்பதும் அப்படியே: அடிப்பதும் அறைதல், அறிவிப்பதும் அறைதல். தட்டுவதும் அறிவிப்பதும் ஒரே செயலாக இருக்கும் ஒரு பறவைக்கு, இரண்டையும் ஒரே சொல்லில் வைத்திருக்கும் மொழி நம்முடையது. இதைவிட என்ன வேண்டும்? யாழ்ப்பாணத்து அக்கா தன் மடலில், "எங்கட பக்கம் பறையிறது எண்டால் கதைக்கிறதுதான்" என்று எழுதியிருந்தார். அந்த ஒரு வரிதான் எனக்கு வழி காட்டியது. அக்காவுக்கு நன்றி.

இன்னொரு பொருத்தமும் உண்டு. பறையை அடிக்கும் முன் தீயில் காய்ச்சுவார்கள், ஈரம் போய்த் தோல் இறுகினால்தான் ஒலி எழும். மரங்கொத்தியும் பச்சை மரத்தில் அறைவது குறைவு. காய்ந்த, உள்ளீடற்ற கிளையாகத் தேடிப் பிடித்து, நன்றாக ஒலிக்கும் இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும். அந்த மரத்துக்குப் 'பறைமரம்' என்றே பெயர் வைக்கலாம். நம் திணைக் கருப்பொருள் வரிசையில் மரம், புள், பறை மூன்றும் அடுத்தடுத்து வருவதை எண்ணிப் பாருங்கள்.

> பறை என்ற சொல்லைச் சிலர் சாதியோடு சேர்த்துப் பார்ப்பார்கள். பள்ளிப் புத்தகத்துக்குப் போகும் சொல் அல்லவா?

கோவைத் தோழியின் கவலை புரிகிறது. ஆனால் அந்தப் பார்வைக்காகச் சொல்லைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. திணைக்கொரு பறை வைத்திருந்த மொழி இது. அதை வாசிக்கும் கலைஞர்கள் இன்று தலைநிமிர்ந்து மேடையேறுகிறார்கள். குழந்தைகள் இந்தச் சொல்லை ஒரு பறவையின் வழியாகப் பழகட்டும்.

பறைக்குச் சிறகு, பறத்தல் என்ற பொருள்களும் பழம்பாடல்களில் உண்டே, குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இன்றைய வழக்கில் அந்தப் பொருள் இல்லை. 'அலகு' முன்னே நிற்பதால் ஐயமும் எழாது. அலகு என்ற அடை வேறொரு காரணத்துக்கும் தேவை. இங்கே வலசை வரும் கோரை உள்ளான், தன் இனப்பெருக்க நிலத்தில் மேலிருந்து பாய்ந்து இறங்கும்போது வால் இறகுகள் அதிர்ந்து ஓர் ஒலி எழும். அதையும் ஆங்கிலத்தில் டிரம்மிங் என்றே சொல்கிறார்கள். நாம் அதை வேறு சொல்லால் குறிக்கலாம்.

ஒரு மூச்சில் வரும் அடி வரிசைக்கும் சொல் வேண்டும். 'சரம்' என்கிறேன், பூச்சரம், சரவெடி போல. ஐரோப்பாவின் பெரும்புள்ளி மரங்கொத்தியின் ஒரு சரம் அரை விநாடி அளவில் முடிந்துவிடும், அதற்குள் பத்துக்கு மேல் அடி. அங்குள்ள கருப்பு மரங்கொத்தியின் சரம் 2 விநாடி அளவுக்கு நீளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வெண்வயிற்று மரங்கொத்தி அதன் நெருங்கிய உறவு. செம்பழுப்பு மரங்கொத்தியின் சரத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். வேகமாகத் தொடங்கி, பழைய மொபெட் எரிபொருள் தீர்ந்து நிற்பதுபோல் விட்டு விட்டு அடங்கும். பறவை கண்ணில் படாமலே பெயர் எழுதிவிடலாம். சரத்தின் நீளமும் வேகமும் இனத்துக்கு இனம் மாறுவதால், களக்குறிப்பில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் இருந்தே ஆக வேண்டும்.

எழுதிப் பார்த்தேன்: "காலை 6.40. பெரிய பொன்முதுகு, பெண். பட்ட சவுக்கில் பறையறைந்தது, நான்கு சரம். பறைமரம் சாலை வளைவில்." தடுமாறாமல் வருகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. பொந்தருகே ஆணும் பெண்ணும் இடம் மாற்றிக்கொள்ளும் வேளையில் மெல்ல, நிதானமாக, டொக் டொக் என்று தட்டுவதுண்டு. அது ஊருக்குச் சொல்வதல்ல, துணைக்கு மட்டும் சொல்வது. அதைப் பறை என்பது கூடாது. இழையில் முன்பே வந்த 'தட்டல்' அங்கே பொருந்துமா, அல்லது வேறு சொல் இருக்கிறதா? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்