நெரிசல் வேண்டாம், அல்லாட்டம் என்போம்

அனைவருக்கும் வணக்கம்.

நம் கணினிச் சொற்களின் மொழிபெயர்ப்பில், நினைவகம் (ரேம்) போதாமல் கணினி திணறி நிற்பதைக் குறிக்கும் த்ராஷிங் (thrashing) என்பதற்கு 'நினைவக நெரிசல்' என்று போட்டுவிடலாம் என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பது 4 ஜிபி நினைவகமும் பழைய வன்தட்டும் உள்ள மடிக்கணினி. போன வாரம் உலாவியில் இருபது கீற்றுகள் (டேப்), ஒரு படத்தொகுப்பி, ஒரு பெரிய விரிதாள், கூடவே 1 ஜிபி ஒதுக்கிய மெய்நிகர் கணினி (கணினிக்குள் இயங்கும் இன்னொரு கணினி) என்று எல்லாம் திறந்திருந்தது. அதுவரை ஓரளவு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்ததும் சுட்டிகூட நகரவில்லை. வன்தட்டு விளக்கு அணையாமல் எரிகிறது, உள்ளே கரகரவென்று சத்தம், திரையில் ஒன்றும் நடக்கவில்லை. எப்படியோ கட்டளை முனையத்துக்குப் போய், நினைவக நிலையைக் காட்டும் விஎம்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் எஸ்ஐ (வன்தட்டிலிருந்து நினைவகத்துக்கு வருவது), எஸ்ஓ (நினைவகத்திலிருந்து வன்தட்டுக்குப் போவது) இரண்டு பத்திகளிலும் ஆயிரக்கணக்கில் எண்கள், மையச்செயலியோ (சிபியு) பெரும்பாலும் வன்தட்டுக்காகக் காத்துக் கிடக்கிறது. (செயலி என்று மட்டும் எழுதினால் ஆப் என்று படித்துவிடுகிறார்கள், அதனால்தான் மையச்செயலி. அந்தச் சிக்கலையும் ஒருநாள் நாம் தீர்க்க வேண்டும்.)

இங்கே நடப்பது என்ன? நினைவகம் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரிக்கப்படுகிறது, 4 ஜிபியில் ஏறக்குறைய பத்தரை லட்சம் பக்கங்கள். இடம் போதாதபோது கொஞ்ச நேரமாகத் தொடாத பக்கங்களை இயங்குதளம் வன்தட்டின் இடமாற்றுப் பகுதிக்கு அனுப்புகிறது. இதுவரை தவறே இல்லை, காலையில் திறந்துவிட்டு மறந்துபோன நிரல் அங்கே கிடந்தால் யாருக்கு நட்டம்? ஆனால் எல்லா நிரல்களுக்கும் இப்போதே தேவைப்படும் பக்கங்களின் மொத்தம் நினைவகத்தைத் தாண்டிவிட்டால் கதையே வேறு. ஒன்றை உள்ளே கொண்டுவர இன்னொன்றை வெளியே தள்ள வேண்டும், தள்ளிய மறுகணமே அது வேண்டும் என்று அதன் நிரல் கேட்கும், அதைக் கொண்டுவர வேறொன்றைத் தள்ள வேண்டும். நினைவகத்தை அணுக நூறு நானோநொடி போதும், சுழலும் வன்தட்டுக்குப் பத்து மில்லிநொடி ஆகும், அதாவது லட்சம் மடங்கு. சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி இருந்தாலும் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அதனால்தான் படிப்படியாக மெதுவாகாமல் திடீரென்று படுத்துவிடுகிறது. 1968இல் கணினி அறிவியலாளர் பீட்டர் டென்னிங் விளக்கியதும் இந்தத் திடீர்ச் சரிவைத்தான். மையச்செயலி சும்மா இருக்கிறதே என்று நினைத்து இன்னும் ஒரு நிரலை உள்ளே விட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். நெரிசல் என்றால் கூட்டம், இடமில்லாமை. வலைப்பின்னலில் கன்ஜெஷனுக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே புழங்குகிறோம். அதைவிட முக்கியம், நெரிசல் என்று எழுதினால் இடமாற்றுப் பகுதியில் 1 ஜிபி நிரம்பியிருப்பதைப் பார்த்த உடனேயே பயனர் அதுதான் நோய் என்று நினைத்துவிடுவார். எஸ்ஐயும் எஸ்ஓவும் பூச்சியமாக இருந்தால் அங்கே ஒரு கோளாறும் இல்லை. நிரம்பியிருப்பது சிக்கல் இல்லை, ஓயாமல் போவதும் வருவதும்தான் சிக்கல். அந்த அலைச்சல் சொல்லில் தெரிய வேண்டும்.

'அலைவு' இயற்பியலுக்குப் போய்விட்டது. 'தத்தளிப்பு' அழகான சொல், ஆனால் அதில் போக்குவரத்து இல்லை. 'அலைக்கழிப்பு' என்றால் ஒருவர் இன்னொருவரைப் படுத்துவது. 'இழுபறி' இரண்டு பேர் பிடித்து இழுப்பது, அதை டெட்லாக் (நிரல்கள் ஒன்றுக்காக ஒன்று காத்து நின்றுவிடுவது) பக்கம் யாராவது கேட்டு வருவார்கள்.

நான் முன்வைப்பது அல்லாட்டம். தண்ணீருக்கு அல்லாடினோம், ஒரு சான்றிதழுக்கு இரண்டு நாள் அல்லாடினேன் என்று எல்லோரும் சொல்கிறோம். இங்கும் அங்கும் ஓடுவது, ஓடியும் வேலை நடக்காதது, இரண்டும் அந்த ஒரு சொல்லில் இருக்கின்றன. வினையாகவும் வரும்: கணினி அல்லாடுகிறது, அல்லாடத் தொடங்கியது, அல்லாட்டத் தடுப்பு. துல்லியம் வேண்டிய இடத்தில் பக்க அல்லாட்டம் எனலாம்.

பேச்சு வழக்காக இருக்கிறதே என்று சிலர் தயங்குவீர்கள். ஆங்கிலத்திலும் த்ராஷ் என்பது போட்டு அடிப்பதையும் புரண்டு துடிப்பதையும் குறிக்கும் அன்றாடச் சொல்தான், யாரும் அதற்காகக் கிரேக்க வேர் தேடிப் போகவில்லை. மடிக்கணினி உறைந்துபோய் உட்கார்ந்திருப்பவருக்கு 'கணினி அல்லாடுகிறது, சில நிரல்களை மூடவும்' என்ற செய்தி வந்தால் அகராதி தேவைப்படாது.

அப்புறம், ஒரு நிரலுக்கு அப்போதைக்குத் தேவைப்படும் பக்கங்களைக் குறிக்கும் ஒர்க்கிங் செட் (working set) என்பதற்கு 'வேலைக் கணம்' என்று ஒரு முன்மொழிவு இருக்கிறது. கணிதத்தில் கணம் என்றால் செட், ஆனால் நொடி என்றும் படிக்கலாம், அங்கே குழப்பம் வரும். அப்போதைக்குப் புழக்கத்தில் உள்ள பக்கங்கள் என்பதால் 'புழக்கத் தொகுதி' சரியாக இருக்குமா? புழக்கத் தொகுதிகளின் கூட்டுத்தொகை நினைவகத்தை மீறும்போது அல்லாட்டம் தொடங்கும் என்று எழுதிப் பார்த்தேன், எனக்குத் தடையில்லாமல் படிக்க வந்தது.

மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த இரண்டு வரிகளையும் இன்னும் மாற்றவில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.