புதுப்பிப்பு: 2014 ஸ்விஃப்ட்டா, 2019 ஸ்விஃப்ட்டா? பழையதையே வாங்கிவிட்டேன்

சென்னையில் விற்பனைக்கு வந்த இரண்டு பழைய பெட்ரோல் மாருதி ஸ்விஃப்ட் கார்களைப் பார்த்து வைத்து, எதை எடுக்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

புதியதை, அதாவது 2019 வண்டியைத்தான் எடுப்பதாக இருந்தேன். அது 2018-இல் வந்த மாடல்; அதில் எல்லா வகையிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உண்டு, ஓட்டமும் குறைவு. "சீட் பெல்ட்டை முழுசா வெளியே இழுத்துப் பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் காப்பாற்றியது. பெல்ட்டின் கடைசி ஒரு சாண் நீளத்துக்குச் சேற்றுக் கறை. ஸ்டெப்னியைத் தூக்கினால் அடியில் மெல்லிய வண்டல், துருப்பிடித்த போல்ட். 2024 இன்சூரன்ஸ் தாளில் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்குத் தரும் தள்ளுபடி) பூஜ்யம். கேட்டதும் விற்பவர் ஒப்புக்கொண்டார்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வண்டி மூழ்கியிருக்கிறது. உள்ளே வாசனை துளியும் இல்லை, சீட் கவர் புதுசு. நானாகக் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன்.

அப்புறம் 2014 வண்டி. அது ஜெட்எக்ஸ்ஐ என்ற உயர் வகை என்பதால் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் அதிலேயே இருந்தன. தெரிந்த மெக்கானிக் அண்ணன் லிஃப்ட்டில் ஏற்றிப் பார்த்தார். க்ளட்ச், முன் புஷ் (சஸ்பென்ஷன் ரப்பர்) மட்டும் மாற்றச் சொன்னார். அந்தச் செலவை விலையில் குறைத்துக்கொண்டார்கள்.

எதிர்பாராதது ஒன்று: டயர் நன்றாகத் தெரிந்தாலும் பக்கவாட்டில் 2317 என்றிருந்தது, அதாவது 2017-இன் 23-ஆவது வாரம் தயாரானது. நான்கையும் மாற்றினேன். 15 ஆண்டுப் பதிவு 2029-இல் முடிகிறது. புதுப்பிப்புச் செலவை இப்போதே கணக்கில் வைத்திருக்கிறேன்.