வியட்னாம் போகிறோம், டைகரைத் தவிர என்ன பீர் குடிக்கலாம்?

ஈசூன்வாசி

வணக்கம் மக்களே. அடுத்த மாதம் நான், என் மச்சான், கம்பெனி நண்பர்கள் இரண்டு பேர் என்று நாலு பேராக வியட்னாம் கிளம்புகிறோம். ஹனோயில் மூன்று நாள், அப்புறம் டா நாங், கடைசியில் ஹோ சி மின் நகரம், அங்கிருந்து நேரே சிங்கப்பூர், வீடு. கோயில், குகை, படகுச் சவாரி எல்லாம் மச்சான் பொறுப்பு, பீர் விஷயம் மட்டும் என் தலையில் விழுந்துவிட்டது. ஒரே நிபந்தனைதான். புளோக்குக்குக் கீழே காப்பிக்கடையில் குடிக்கும் அதே டைகரை விமானம் ஏறிப் போய்க் குடிக்கக்கூடாது.

அங்கே பீரில் ஐஸ் போட்டுத்தான் தருகிறார்களாமே, வயிறு தாங்குமா? ஒருவன் சனிக்கிழமை கவுச்சி தொடமாட்டான் (பீர் மட்டும் தொடுவான், அது என்ன விரதமோ), அவனுக்குத் தொட்டுக்கொள்ள என்ன கிடைக்கும்? இன்னொருவன் டா நாங்கில் மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுத்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். திரும்பும்போது எவ்வளவு கொண்டுவரலாம் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காப்பிஓ_கொசோங்

தம்பி, பிராண்ட் பட்டியலை ஓரமாக வைத்துவிடுங்கள். ஹனோயில் இறங்கினால் குடிக்கவேண்டியது பியா ஹோய். அது பிராண்ட் பெயர் இல்லை, பாட்டிலில் அடைக்காத அன்றாட பீர், நம் ஊர்ப் பால்காரர் பால் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பதப்படுத்தாமல் பீப்பாயில் காலையில் கடைக்கு வரும், அன்றைக்கே விற்றுத் தீர்க்கவேண்டும், மறுநாளுக்குத் தாங்காது. போதையும் சுமார் 3 சதவீதம்தான், அதனால்தான் அந்த ஊர்ப் பெரியவர்கள் மத்தியானமே உட்கார்ந்து நிதானமாகக் குடிக்கிறார்கள்.

நான் முதல் நாள் நாலரை மணிக்குப் போனேன். முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் முக்காலி, உட்கார்ந்தபோது தெரியவில்லை, எழுந்தபோதுதான் என் வயது தெரிந்தது. கிளாஸ் பச்சையும் நீலமுமாக, உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளோடு, எங்கேயோ உருக்கி ஊற்றி அப்படியே எடுத்த மாதிரி இருக்கும். தேய்ந்த கண்ணாடி என்று மாற்றித் தரச் சொல்லிவிடாதீர்கள். உடைந்த கண்ணாடியை உருக்கி 1970களிலிருந்து செய்துவரும் கிளாஸ் அது, பியா ஹோய் என்றாலே அதில்தான். ஒரு கிளாஸ் 12,000 டாங் கொடுத்தேன், நம் காசுக்கு அறுபது எழுபது காசு. எத்தனை கிளாஸ் என்று கடைக்கார அம்மா துண்டுச் சீட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஆசையாக எட்டரைக்குப் போனால், அந்த அம்மா பேசக்கூட இல்லை, பீப்பாயை விரலால் தட்டிக் காட்டினார். காலிச் சத்தம். ஆகவே சீக்கிரம் போங்கள்.

இன்னொன்று, எல்லோரும் தா ஹியென் தெருவுக்குப் போகச் சொல்வார்கள். ஒரு முறை வேடிக்கை பார்க்கலாம். பாட்டுச் சத்தம், கையைப் பிடித்து இழுக்கும் ஆட்கள், பாதி மேசைகளில் பாட்டில் பீர். அங்கிருந்து நாலு தெரு தள்ளி, பனியன் போட்ட மாமாக்கள் உட்கார்ந்திருக்கும் கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

ஹாப்ஸ்_பைத்தியம்

அண்ணன் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. பியா ஹோய் அனுபவத்துக்கு ஒரு கிளாஸ் சரி, ருசி என்று பார்த்தால் வெயிலுக்கு இதமான சோடா, அவ்வளவுதான். வியட்னாமில் உண்மையாகவே நல்ல பீர் வேண்டுமென்றால் ஹோ சி மின் நகரத்துக்குக் காசை மிச்சம் வையுங்கள். பாஸ்டர் ஸ்ட்ரீட் என்ற கடையில் மல்லிகைப்பூ போட்ட ஐபிஏ, அதாவது கசப்பு தூக்கலான ஒரு வகை பீர், இருக்கிறது. முதல் வாய் குடித்ததும் தேக்காவில் பூக்கடையைத் தாண்டிப் போவது மாதிரி இருந்தது, அப்புறம்தான் கசப்பு வந்தது. அவர்களுடைய சைக்ளோ என்ற சாக்லேட் ஸ்டவுட் (கறுப்பு பீர்) 2016 உலக பீர் கோப்பையில் தங்கம் வாங்கியது, வியட்னாம் கொக்கோ போட்டுச் செய்வது. ஹார்ட் ஆஃப் டார்க்னஸ், ஈஸ்ட் வெஸ்ட் கடைகளும் அதே ஊரில்தான். விலை மட்டும் சிங்கப்பூர் வாசனை அடிக்கும், முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு திட்டவேண்டாம்.

உட்லண்ட்ஸ்_அக்கா

பதில் போடுகிறவர்கள் எல்லாம் தம்பி, அண்ணன் என்றே போகிறீர்கள், அக்காக்களும் பீர் குடிப்பார்கள். வேலை விஷயமாக அங்கே பல முறை போயிருக்கிறேன்.

ஊருக்கு ஒரு பீர் என்று பழகிக்கொள்ளுங்கள். ஹனோயில் பியா ஹனோய், அந்த ஆலை 1890இல் பிரெஞ்சுக்காரர் ஒருவர் தொடங்கியது. நடுப்பகுதியில் ஹூடா, ஹுவே ஊரும் டென்மார்க்கும் சேர்ந்து 1990இல் ஆரம்பித்த ஆலை என்பதால் இரண்டு பெயரிலும் ஒரு துண்டு எடுத்து வைத்த பெயர். தெற்கே சைகோன் பீரும் 333உம். 333ஐ பா பா பா என்று கேட்கவேண்டும். 1975 வரை அது 33தான், ஆட்சி மாறியதும் ஒரு 3 கூடிவிட்டது. எனக்குப் பிடித்தது சைகோன் ஸ்பெஷல், அரிசி கலக்காத பீர். டா நாங்கில் லாரூ நிறையக் கிடைக்கும், ஆனால் டைகர் வேண்டாம் என்று ஓடுகிறவரே, அதன் லேபிளிலும் புலித்தலைதான், நம் டைகரும் அதுவும் அங்கே ஒரே கம்பெனி.

ஐஸுக்குப் பயப்படவேண்டாம். பீர்ப் பெட்டி வெளியே வெக்கையில் கிடக்கும், அதனால் கிளாஸில் பெரிய கட்டியாகப் போடுகிறார்கள். நடுவில் ஓட்டையோடு உருளையாக இருந்தால் தொழிற்சாலை ஐஸ், நான் அதைப் போட்டுத்தான் குடிக்கிறேன். பாளத்தை உடைத்துப் போட்டதாகத் தெரிந்தால் வேண்டாம் என்று தலையாட்டிவிடுவேன்.

சனிக்கிழமைக்காரருக்கு வேர்க்கடலை, பொரித்த டோஃபு, பூண்டு போட்டு வதக்கிய கங்கோங் கீரை. டோஃபுவோடு மீன் சாஸ் சின்னக் கிண்ணத்தில் தானாக வந்து உட்காரும், அதை மட்டும் நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கீரையிலும் ஊற்றியிருக்கலாம், ‘சாய்’ என்றால் சைவம், அந்தச் சொல்லை முதலிலேயே சொல்லிவிடவேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஈரத்துண்டு வைப்பார்கள், நம் சீன உணவகம் மாதிரியேதான், பிரித்தால் பில்லில் ஏறும்.

பணியாளரைக் கூப்பிட ‘எம் ஓய்’. எம் என்றால் தம்பி, தங்கை இரண்டுமே. உங்களைவிடப் பெரியவர் என்றால் ‘ஆன் ஓய்’, ‘சி ஓய்’, அண்ணே, அக்கா என்று கூப்பிடுவதுதான். நமக்கு இது கற்றுக்கொடுக்கவே தேவையில்லை.

மோட்டார் சைக்கிள் நண்பரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், 2020 ஜனவரியிலிருந்து அங்கே குடித்துவிட்டு ஓட்ட அனுமதி என்பது பூஜ்யம். ஒரு கிளாஸ் என்றாலும் குற்றம், சைக்கிளுக்கும் அதே சட்டம். வண்டியா பீரா என்று காலையிலேயே முடிவு செய்யட்டும், ராத்திரிக்குக் கிராப் டாக்சி இருக்கிறது.

சாங்கி_ஷிஃப்ட்

கொண்டுவருவது பற்றி மட்டும் சொல்கிறேன். 18 வயது ஆகி, 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்து, மலேசியா வழியாக வராமல் இருந்தால் ஆளுக்கு 2 லிட்டர் பீர் வரியில்லாமல் எடுத்து வரலாம், வைனோ பிராந்தியோ சேர்க்காமல் இருந்தால். 330 மில்லி கேன் ஆறு போட்டால் 1.98 லிட்டர், கச்சிதம். ஏழாவதை எடுத்துவந்தால் சுங்கத்தின் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டிவிடுங்கள், பெரிய தொகை ஆகாது.

கேனை பெட்டியில் போடும்போது ஜீன்ஸில் சுற்றி நடுவில் வையுங்கள். போன வருடம் எனக்கு ஒன்று வெடித்து, அப்பாவுக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையோடு சேர்த்து எல்லாம் நாறிப்போய், வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பியா ஹோயைப் போத்தலில் ஊற்றிக் கொண்டுவரலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

ஈசூன்வாசி

அனைவருக்கும் நன்றி, குறிப்பாக அக்காவுக்கு. உங்கள் பதிவை மச்சானுக்கு அனுப்பிவிட்டேன். மோட்டார் சைக்கிள்காரன் வாயை மூடிக்கொண்டான். ஹனோயில் நாலரை மணிக்குப் பியா ஹோய், கடைசி ராத்திரி மல்லிகை பீர் என்று இரண்டு கட்சிக்கும் இடம் கொடுத்திருக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி, ‘மோத் ஹாய் பா’ என்று எண்ணிவிட்டுக் கத்துகிறார்களே, அது ஒரே மூச்சில் குடிக்கச் சொல்வதா?

காப்பிஓ_கொசோங்

அது வெறும் சியர்ஸ், ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி ‘யோ’ என்று கத்துவது, வடக்கே அதுவே ‘ஸோ’. ஒரு வாய் குடித்தால் போதும். பக்கத்து மேசை மாமா கிளாஸைக் காட்டி ‘சாம் ஃபன் சாம்’ என்றால்தான் கவனமாக இருங்கள், நூற்றுக்கு நூறு என்று அர்த்தம், கவிழ்த்துக் காட்டும்வரை விடமாட்டார். எனக்கு மூன்று பேர் காட்டினார்கள்.